காபூல் முதல் கூப்பரேஜ் வரை: ஆப்கன் கால்பந்து வீரர்களுக்கு இந்தியா திறந்த கதவு மூடப்படுகிறதா?

மும்பை: பல மாத இழுபறிக்குப் பின் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடர் பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா கடந்த ஜனவரி 6-ஆம் தேதி அறிவித்தார். கிளப் நிர்வாகங்களும் ரசிகர்களும் சற்றே நிம்மதி அடைந்தனர். ஆயினும், தொடர் நடைபெறுமா என்பதே தெரியாமல் கழிந்த மாதங்கள், இந்தியக் கால்பந்தை நம்பிப் பிழைப்போரின் நிலை எவ்வளவு உறுதியற்றது என்பதை வெளிச்சமிட்டுக் காட்டிவிட்டன.

இந்த உறுதியின்மை எல்லா வீரர்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஸ்பெயின் அல்லது பிரேசில் நாட்டு வீரர் ஒருவருக்கு இந்திய ஒப்பந்தம் முறிந்தால், திரும்பிச் சென்று ஆடுவதற்குச் சொந்த நாட்டில் பல அடுக்குத் தொடர்கள் உண்டு. ஆப்கானிஸ்தான் வீரருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அவருக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் என்பது கூடுதல் வாய்ப்பன்று, தொழிலே அதுதான்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆப்கன் தேசிய அணியின் முக்கிய வீரர்கள் சிலர் மும்பை, கோவா, அய்சால், சென்னை, கோழிக்கோடு ஆகிய நகரங்களின் கிளப்புகளில் ஆடியுள்ளனர். அவர்களுக்கு இந்தியா எவ்வாறு பணியிடமாயிற்று, அந்தப் பணியிடம் இப்போது ஏன் சுருங்குகிறது என்பதை ஆராய்வது, நம் நாட்டுக் கால்பந்தின் உடல்நிலையை அறியவும் உதவும்.

மும்பையில் தொடங்கிய பாதை

2011 டிசம்பரில் புது தில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் தெற்காசியக் கால்பந்து சாம்பியன்ஷிப் நடைபெற்றது. லீக் சுற்றில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் 1-1 எனச் சமன் செய்தன. டிசம்பர் 11 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா 4-0 என வென்றது. முதல் எழுபது நிமிடங்கள் வரை கோல் விழாத அந்த ஆட்டம், ஆப்கன் கோல்கீப்பர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பின்னரே ஒருதலைப்பட்சமானது. கோப்பையை இழந்தாலும், ஆப்கன் வீரர்களின் உடல் வலுவையும் தடுப்பாட்டத்தையும் இந்தியக் கிளப்புகள் கவனித்தன.

அவ்வணியின் மையத் தடுப்பாட்டக்காரர் ஜோஹிப் இஸ்லாம் அமிரி, அதனைத் தொடர்ந்து மும்பை எஃப்சி கிளப்பில் ஒப்பந்தமானார். 2007-இல் எஸ்ஸெல் குழுமத்தால் தொடங்கப்பட்ட மும்பை எஃப்சி, அப்போது நாட்டின் முதல்நிலைத் தொடராக இருந்த ஐ-லீக்கில் ஆடிவந்தது. பெரிய செலவுக்கு வழியில்லாத கிளப் அது. தென் மும்பை கூப்பரேஜ் திடல் புனரமைப்பில் இருந்ததால், சில சீசன்களில் தன் 'சொந்த ஊர்' ஆட்டங்களைக்கூடப் புனேயின் பாலேவாடி அரங்கில்தான் ஆடியது.

2009 முதல் 2016 வரை அக்கிளப்பின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் காலித் ஜமீல். குறைந்த செலவில் கட்டுக்கோப்பான தடுப்பாட்டத்தை அமைத்து, ஐ-லீக்கிலிருந்து கீழிறங்காமல் ஆண்டுதோறும் அணியைக் காப்பாற்றியதே அவருடைய பெயருக்குக் காரணமாயிற்று. அத்தகைய ஆட்டமுறைக்கு ஜோஹிப் போன்ற உயரமான, வான்வழிப் பந்துகளை எதிர்கொள்ளத் தயங்காத தடுப்பாட்டக்காரர் தேவைப்பட்டார். ஜோஹிப்புக்கோ ஆண்டு முழுவதும் பயிற்சியும், வாரந்தோறும் ஆட்டமும், மாதந்தோறும் ஊதியமும் தேவைப்பட்டன. இரு தரப்புத் தேவையும் பொருந்தியது.

2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது, பிரேசில் ஜாம்பவான் ஜிகோ பயிற்சியளித்த எஃப்சி கோவா அணியில் ஜோஹிப் இடம்பெற்றார். பிரான்ஸின் உலகக் கோப்பை வீரர் ராபர்ட் பிரெஸும் அதே அணியில் இருந்தார். காபூல் கிளப் கால்பந்திலிருந்து வந்த ஒருவர், உலகக் கோப்பை வென்ற வீரருடன் ஒரே உடைமாற்று அறையைப் பகிர்ந்துகொள்ளும் நிலையை எட்டியதற்கு முதற்படியாக அமைந்தது மும்பை எஃப்சியே.

சொந்த நாட்டில் இல்லாத தொழில்

ஆப்கானிஸ்தானில் கால்பந்துக்கு நீண்ட மரபு உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அந்நாட்டு அணி பங்கேற்றது. 1951-இல் தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் அரையிறுதியில் இந்தியாவிடம் 0-3 எனத் தோற்றது. அப்போட்டியில் இந்தியாவே தங்கம் வென்றது. 1954-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஆப்கானிஸ்தானும் ஒன்று.

அந்த மரபைப் போர் அறுத்தது. 1984-க்குப் பின் 2002 வரை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆப்கன் அணி சர்வதேச ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை. தலிபான்களின் முதல் ஆட்சிக் காலத்தில் காபூலின் காஜி அரங்கம் பொது இடத்தில் மரண தண்டனை நிறைவேற்றும் களமாகப் பயன்படுத்தப்பட்டது. 2002-க்குப் பின் அணி மீண்டெழுந்தபோதும், பாதுகாப்புக் காரணங்களால் அந்நாட்டின் 'சொந்த மண்' ஆட்டங்கள் பெரும்பாலும் அயல்நாடுகளிலேயே நடந்தன. 2013 ஆகஸ்டில் பாகிஸ்தானைக் காபூலில் 3-0 என வென்ற நட்புமுறை ஆட்டம், பத்தாண்டுகளில் தலைநகரில் நடந்த முதல் சர்வதேச ஆட்டமாகும்.

2012-இல் ஆப்கன் பிரீமியர் லீக் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியே வீரர்களைத் தேர்ந்தெடுத்து, எட்டு மண்டலங்களின் பெயரில் அணிகள் அமைக்கப்பட்டன. நாடெங்கும் பெரும் வரவேற்பு கிடைத்தது. ஆயினும் தொடர் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு வீரருக்கு ஊதியம் தரும் ஏற்பாடு அதில் இல்லை. விளையாட்டு இருந்தது, ரசிகர்கள் இருந்தனர், திறமையும் இருந்தது. ஆண்டு முழுவதும் நீடிக்கும் வேலை மட்டும் இல்லை.

எனவே ஆப்கன் தேசிய அணி இரு வகை வீரர்களால் நிரம்பியது. ஒரு வகையினர், அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளாக ஜெர்மனி, நெதர்லாந்து, ரஷ்யா முதலிய நாடுகளில் வளர்ந்து அங்குள்ள கிளப்புகளில் பயின்றவர்கள். மற்றொரு வகையினர், உள்நாட்டில் ஆடித் தேசிய அணிக்கு வந்து, அதன் வழியே வெளிநாட்டு வாய்ப்பைத் தேடியவர்கள். இரண்டாம் வகையினருக்கு ஐரோப்பா எளிதில் எட்டும் தொலைவில் இல்லை. அவர்களுக்கு அருகில் இருந்த, விசா கிடைக்கக்கூடிய, ஊதியம் தரக்கூடிய சந்தை இந்தியாவே.

ஓர் விதி திறந்த வாசல்

திறமையைக் கண்டு வியந்து மட்டும் இந்தியக் கிளப்புகள் ஆப்கன் வீரர்களை அழைக்கவில்லை. அதற்குப் பின்னே ஒரு விதி இருந்தது. 2009 ஆசிய சாம்பியன்ஸ் லீக் முதல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு '3+1' என்னும் முறையைப் புகுத்தியது. ஒரு கிளப் எந்த நாட்டைச் சேர்ந்த மூன்று வெளிநாட்டு வீரர்களையும், அவர்களோடு ஆசிய உறுப்பு நாடு ஒன்றைச் சேர்ந்த ஒருவரையும் களமிறக்கலாம் என்பதே அது. ஐ-லீக்கும் இம்முறையைப் பின்பற்றியது.

இந்த நான்காவது இடம் கிளப்புகளுக்கு ஒரு சிக்கலைத் தந்தது. ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தரமான வீரர்கள் விலை உயர்ந்தவர்கள். சிறு கிளப்புகளுக்குக் கட்டுப்படியாகும் செலவில், சர்வதேச அனுபவம் உடைய ஆசிய வீரர் ஒருவர் வேண்டும். ஆப்கன் தேசிய அணி வீரர் இத்தேவைக்குப் பொருத்தமாக அமைந்தார். உருது, இந்தி மொழிகளை ஓரளவு புரிந்துகொள்வது பலருக்கும் கூடுதல் தகுதியாயிற்று.

2021-22 சீசனில் ஐஎஸ்எல் தொடரும் களத்தில் இறங்கும் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கையை நான்காகக் குறைத்து, ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது ஓர் ஆசிய வீரரையாவது ஒப்பந்தம் செய்ய வேண்டும் என வரையறுத்தது. ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கைப் பாதையை அவருடைய கால்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒரு கூட்ட அறையில் எழுதப்படும் விதியின் ஒரு வரியும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

சென்னையும் கோழிக்கோடும்

ஜோஹிப்பைப் பின்தொடர்ந்து வந்தவர்களில் இருவர் தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமானவர்கள்.

காபூலில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த தடுப்பாட்டக்காரர் மசிஹ் சைகானி, மிசோரமின் அய்சால் எஃப்சி வழியே இந்தியாவுக்கு வந்தார். பின்னர் வங்கதேசத்தின் அபஹானி டாக்கா கிளப்புக்குச் சென்றார். 2019 ஏஎஃப்சி கோப்பையில் அபஹானியும் சென்னையின் எஃப்சியும் ஒரே பிரிவில் இடம்பெற்றன. குவாஹாட்டியில் மினர்வா பஞ்சாப் அணிக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் சைகானி தலையால் முட்டி அடித்த கோல் அபஹானியை அடுத்த சுற்றுக்கு அனுப்பியது. எதிரணியில் கண்ட அந்த வீரரையே சென்னையின் எஃப்சி 2019-20 சீசனுக்கு ஒப்பந்தம் செய்தது.

அந்த சீசனின் தொடக்கத்தில் புள்ளிப்பட்டியலின் அடியில் தவித்த சென்னை அணி, டிசம்பரில் பயிற்சியாளர் ஓவன் காய்ல் பொறுப்பேற்ற பின் மீண்டெழுந்து இறுதி ஆட்டம் வரை சென்றது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரின்றி கோவாவில் நடந்த அந்த ஆட்டத்தில் ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றது.

நடுக்கள வீரர் ஷரீஃப் முகமதுவின் பாதை வேறு. ரஷ்யாவின் அன்ஜி மகச்கலா கிளப்பில் பயின்று, ஸ்வீடன் வரை சென்று ஆடிய அவர், கோகுலம் கேரளா அணிக்கு வந்து சேர்ந்தார். 2021 மார்ச் 27 அன்று ஐ-லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில், மணிப்பூரின் டிராவ் அணியிடம் கோகுலம் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. எழுபதாவது நிமிடத்தில் ஷரீஃப் அடித்த ஃப்ரீ கிக் கோலாயிற்று. அதன் பின் மேலும் மூன்று கோல்கள் விழ, 4-1 என வென்ற கோகுலம், ஐ-லீக் பட்டம் பெற்ற முதல் கேரளக் கிளப் ஆனது. அடுத்த சீசனில் ஷரீஃப் தலைமையிலேயே அப்பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. கோழிக்கோட்டு ரசிகர்கள் தங்கள் ஊர் அணியின் தலைவராக ஒரு ஆப்கன் வீரரை ஏற்றுக் கொண்டாடினர்.

இவ்விரு பட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் காபூல் வீழ்ந்தது. 2021 ஆகஸ்ட் 16 அன்று, புறப்பட்ட அமெரிக்க ராணுவ விமானத்தைப் பற்றிக்கொண்டு தப்பிக்க முயன்று விழுந்து இறந்தவர்களில் ஜாக்கி அன்வரியும் ஒருவர். அவர் ஆப்கன் இளையோர் தேசிய அணிக்கு ஆடிய கால்பந்து வீரர் என அந்நாட்டு விளையாட்டு அமைப்பு உறுதி செய்தது. ஒரே நாட்டின் இரு கால்பந்து வீரர்கள். ஒருவருக்குக் கோழிக்கோட்டில் ஒப்பந்தம் இருந்தது, மற்றவருக்கு எங்கும் எதுவும் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் என்னும் ஒரு தாளின் மதிப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

களத்தில் கிடைத்த பதில்

ஆப்கன் வீரர்களுக்கு இடமளித்ததால் இந்தியா என்ன பெற்றது, என்ன இழந்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. 2013 செப்டம்பர் 11 அன்று காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என வென்று, ஆப்கானிஸ்தான் தன் முதல் சர்வதேசப் பட்டத்தைக் கைப்பற்றியது. 2016 ஜனவரி 3 அன்று திருவனந்தபுரத்தில் இந்தியா 2-1 எனக் கூடுதல் நேரத்தில் வென்று பதிலடி கொடுத்தது.

2024 மார்ச் 26 அன்று குவாஹாட்டியில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் இந்திய ரசிகர்களுக்கு மறக்க முடியாதது. அது சுனில் சேத்ரியின் 150-ஆவது சர்வதேச ஆட்டம். அவரே பெனால்டியில் முதல் கோலையும் அடித்தார். எனினும் 2-1 என வென்றது ஆப்கானிஸ்தான். 88-ஆவது நிமிடத்தில் வெற்றிக்கான பெனால்டியை அடித்தவர், கோழிக்கோட்டில் பட்டங்கள் வென்ற அதே ஷரீஃப் முகமது. அன்றைய ஆப்கன் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட், முன்பு பெங்களூரு எஃப்சிக்கு இரு முறை ஐ-லீக் பட்டம் பெற்றுத் தந்தவர். தம் நாட்டுச் சம்மேளனத்தின் நிர்வாகத்தை எதிர்த்து முன்னணி வீரர்கள் பலர் அணியைப் புறக்கணித்திருந்த நிலையில் கிடைத்த வெற்றி அது.

இந்தியாவில் ஆடியவரும் இந்தியாவில் பயிற்சியளித்தவரும் சேர்ந்து இந்தியாவை வீழ்த்தினர் என்று இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் வெளிநாட்டு வீரர்களை ஏற்கும் எந்தத் தொடரும் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு ஈடாக, ஆண்டு முழுவதும் அத்தகைய வீரர்களை எதிர்த்து ஆடும் பயிற்சி உள்ளூர் வீரர்களுக்குக் கிடைக்கிறது.

வரலாறு மற்றொரு வகையிலும் சுழன்று வந்துள்ளது. மும்பை எஃப்சியில் ஜோஹிப்புக்குப் பயிற்சியளித்த காலித் ஜமீல், 2025 ஆகஸ்டில் இந்திய ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். தஜிகிஸ்தானில் நடந்த மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையே அவருக்கு முதல் போட்டி. அதில் செப்டம்பர் 4 அன்று ஆப்கானிஸ்தானுடன் ஆடி 0-0 எனச் சமன் செய்த இந்தியா, பின்னர் ஓமனைப் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று மூன்றாம் இடம் பிடித்தது.

கதவு ஏன் சுருங்குகிறது?

ஆப்கன் வீரர்களுக்கான இந்திய வாய்ப்பு சுருங்குவதற்கு நான்கு காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, காட்சிக்களம் மாறியது. மத்திய ஆசியக் கால்பந்துச் சங்கம் 2015-இல் உருவானபோது ஆப்கானிஸ்தான் அதில் இணைந்து, தெற்காசியச் சம்மேளனத்திலிருந்து விலகியது. ஈரான், உஸ்பெகிஸ்தான் போன்ற வலுவான அணிகளுடன் ஆடும் வாய்ப்பு கிடைத்தது உண்மை. ஆனால் இந்தியக் கிளப் நிர்வாகிகள் நேரில் வந்து பார்க்கும் தெற்காசியக் கோப்பை என்னும் சந்தையை ஆப்கன் வீரர்கள் இழந்தனர்.

இரண்டாவது, பயணம் கடினமாயிற்று. 2021 ஆகஸ்டில், இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களுக்கு முன்னர் வழங்கப்பட்ட விசாக்கள் அனைத்தையும் மத்திய அரசு செல்லாதவையாக்கி, மின்னணு விசா வழியே மட்டும் வர முடியும் என அறிவித்தது. பாதுகாப்பு நோக்கில் எடுக்கப்பட்ட அம்முடிவு, குறுகிய கால அவகாசத்தில் வீரர்களைச் சேர்க்கும் கிளப்புகளுக்குத் தயக்கத்தை உண்டாக்கியது இயல்பே. ஐரோப்பியக் கடவுச்சீட்டு உடைய ஆப்கன் வீரருக்கு இத்தடை இல்லை. காபூலிலிருந்து வர வேண்டியவருக்கே முழுச் சுமையும்.

மூன்றாவது, வாசல் திறந்த விதியே தளர்ந்தது. ஆசியக் கூட்டமைப்பு 2023-24 சீசனில் '5+1' முறைக்கு மாறி, 2024-25 முதல் தன் உயர்நிலைக் கிளப் போட்டிகளில் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கான வரம்பையே நீக்கியது. செல்வ வளம் மிக்க மேற்காசியக் கிளப்புகளுக்கு இது வசதி. ஆசிய வீரருக்கெனத் தனி இடம் என்ற கோட்பாடு வலுவிழந்தால், விலை மலிவான ஆசிய வீரரைத் தேடும் தேவையும் குறையும்.

நான்காவதும் முதன்மையானதுமான காரணம், பணியிடமே தள்ளாடுகிறது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையே 2010-இல் கையெழுத்தான 15 ஆண்டு உரிம ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவுற்றது. அதைப் புதுப்பிப்பதில் தெளிவு பிறக்காததால், ஐஎஸ்எல் சீசன் நிறுத்தி வைக்கப்படுவதாக ஜூலையிலேயே அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் முதல்நிலை அணியின் ஊதியத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை இடைநிறுத்தியது. டிசம்பர் இறுதியில், மும்பை சிட்டி எஃப்சியில் 2019 முதல் பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த சிட்டி கால்பந்துக் குழுமம் வெளியேறியது. மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரே நம்பிக்கை இழந்து விலகும் சந்தையில், அயல்நாட்டு வீரர் நம்பிக்கை வைப்பது எங்ஙனம்?

ஒப்பந்தம் எவ்வளவு காக்கும்?

சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகள் வீரருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகின்றன. இரண்டு மாத ஊதியம் உரிய நாளில் தரப்படாவிட்டால், வீரர் கிளப்புக்கு எழுத்துபூர்வமாக அறிவித்துக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதன் பின்னும் பணம் வராவிட்டால், தகுந்த காரணத்தின் பேரில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். நிலுவைக்காக ஃபிஃபாவின் தீர்ப்பாயத்தையும் நாடலாம். தீர்ப்பை மதிக்காத கிளப், புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விதிக்கப்படும்.

விதி நன்று. ஆனால் வழக்கு முடியும் வரை வீரர் எங்கு வாழ்வது, எதை உண்பது என்பதற்கு அதில் விடையில்லை. ஒப்பந்தம் முறிந்தால் வேலைவாய்ப்பு விசாவின் அடிப்படையும் தகர்கிறது. பிற நாட்டவர் ஊர் திரும்பி வழக்கை நடத்தலாம். திரும்பிச் செல்லவியலாதவர் அல்லது திரும்ப அஞ்சுபவர், தமக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுத்தேனும் அடுத்த கிளப்பைத் தேட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். ஒரே விதி எல்லோருக்கும் பொது. அதைப் பயன்படுத்தும் வலிமை எல்லோருக்கும் பொதுவன்று.

மற்றொரு விதியும் இங்குக் கவனிக்கத்தக்கது. வீரர் ஒருவர் கட்டணத்துடன் கிளப் மாறும்போது, அக்கட்டணத்தில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட வேண்டும் என்கிறது ஃபிஃபா. பிரேசிலின் சிற்றூர்க் கிளப்புகள் இதனால் வாழ்கின்றன. ஆனால் ஒப்பந்தம் முடிந்தபின் கட்டணமின்றி மாறும் வீரர்களால் எவருக்கும் பங்கு கிடைப்பதில்லை. ஆப்கன் வீரர்கள் பெரும்பாலும் அவ்வாறே மாறுவதால், அவர்களை உருவாக்கிய காபூல் கிளப்புகளுக்கு எதுவும் சென்று சேர்வதில்லை.

வான்கடேயும் கூப்பரேஜும்

தென் மும்பையில் வான்கடே கிரிக்கெட் அரங்கத்திலிருந்து கூப்பரேஜ் கால்பந்துத் திடலுக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆப்கன் விளையாட்டு வீரர்களைப் பொறுத்தவரை அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு மிகப் பெரிது.

ஆப்கன் கிரிக்கெட் அணிக்கு 2015 முதல் கிரேட்டர் நொய்டாவும், பின்னர் டேராடூனும் லக்னோவும் தாயகத் திடல்களாக இருந்தன. 2018 ஜூனில் பெங்களூருவில் இந்தியாவுக்கு எதிராக அந்நாடு தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. 2017 ஐபிஎல் ஏலத்தில் ரஷீத் கானை 4 கோடி ரூபாய்க்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் எடுத்தது முதல், ஆப்கன் வீரர் இல்லாத ஐபிஎல் சீசனே இல்லை எனலாம். இரு நாட்டு வாரியங்களும் அரசுகளும் திட்டமிட்டு அமைத்த பாதை அது.

கால்பந்தில் அத்தகைய திட்டம் எதுவும் இருந்ததில்லை. ஒரு கிளப்பின் தேவை, ஒரு முகவரின் தொலைபேசி அழைப்பு, ஒரு விதியின் வரி ஆகியவை தற்செயலாகப் பொருந்தியபோது மட்டும் கதவு திறந்தது. தற்செயலாகத் திறந்த கதவு, எவரும் கவனியாமலே மூடவும் கூடும்.

தாராவிக்கும் செம்பூருக்கும் என்ன பொருட்டு?

இது ஆப்கானியர்களின் கவலை மட்டுமே எனக் கருதிவிட முடியாது. மும்பையில் ஒரு காலத்தில் கால்பந்து ஆடத் தெரிந்த இளைஞருக்கு நிறுவன அணிகள் வேலை கொடுத்தன. தேசியச் சாம்பியன் பட்டம் வென்ற மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. ஏர் இந்தியா, ஓஎன்ஜிசி ஆகிய நிறுவன அணிகள், ஆசியக் கூட்டமைப்பின் கிளப் தகுதி விதிகளுக்குப் பொருந்தவில்லை என்பதால் 2013-இல் ஐ-லீக்கிலிருந்து விலக்கப்பட்டன. ஜோஹிப்பை வரவேற்ற மும்பை எஃப்சி, 2017-இல் ஐ-லீக்கில் கடைசி இடம் பெற்றுக் கீழிறங்கியதோடு தன் கதையை முடித்துக்கொண்டது. ஏழு ஆண்டுகளில் நான்கு அணிகள் மறைந்தன.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். மகன் பந்தாடுவதை அக்குடும்பங்கள் வெறுப்பதில்லை. அதனால் மாதச் சம்பளம் வருமா என்றே கேட்கின்றன. வங்கி, ரயில்வே, பொதுத்துறை நிறுவனம் என்று பதில் சொல்ல முடிந்த காலத்தில் விளையாட்டுக்கு வீட்டில் அனுமதி கிடைத்தது. இன்று அக்கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை.

வெளிநாட்டு வீரர் வந்தால் உள்ளூர் இளைஞரின் இடம் பறிபோகும் என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. மும்பையின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. இங்கு உள்ளூர் வீரரின் இடத்தை அயலார் பறிக்கவில்லை. இருவரும் நின்ற தளமே அவர்கள் காலடியிலிருந்து உருவப்பட்டது. மும்பை எஃப்சி மூடப்பட்டபோது ஆப்கன் வீரருக்கான ஓர் இடமும், மும்பை இளைஞர்களுக்கான இருபதுக்கும் மேற்பட்ட இடங்களும் ஒருசேர மறைந்தன.

வாசலே இல்லாதவர்கள்

ஆண் வீரர்களுக்கு இக்கதவு ஓரளவேனும் திறந்திருந்தது. ஆப்கன் பெண் வீரர்களுக்கு அதுவும் இல்லை. அந்நாட்டுச் சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் கெராமுதீன் கெரீம், வீராங்கனைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதற்காக 2019-இல் ஃபிஃபாவால் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டார். 2021-க்குப் பின் பெண்களின் விளையாட்டே முடக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் தஞ்சமடைந்த தேசிய அணி வீராங்கனைகளுக்கு மெல்போர்ன் விக்டரி கிளப் ஆதரவளித்தது. 2025 அக்டோபரில் மொராக்கோவில் நடந்த போட்டித் தொடரில், ஃபிஃபாவின் ஆதரவுடன் ஆப்கன் அகதி வீராங்கனைகளின் அணி களமிறங்கியது. நாடு கைவிட்டவர்களுக்கு அமைப்புகள் முன்வந்தால் வழி பிறக்கும் என்பதை அது காட்டியது.

இனி என்ன?

சுருக்கப்பட்ட வடிவிலேனும் ஐஎஸ்எல் தொடங்குவது நல்ல செய்தி. ஆனால் ஒரு சீசனை நடத்திவிடுவது வேறு, ஒரு தொழிலை நிலைநிறுத்துவது வேறு. அடுத்து வரும் மாதங்களில் மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே முக்கியமானது. நீண்ட கால வணிக உரிமம் யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்? ஊதிய நிலுவை ஏற்பட்டால் வீரர்களுக்கு உடனடியாகக் கைகொடுக்கும் நிதி ஏற்பாடு இந்தியாவிலேயே உருவாகுமா? ஆசிய வீரருக்கான தனி இடத்தை இந்தியத் தொடர்கள் தாமாகவே காக்குமா?

மூன்றாவது கேள்வி சிறிதாகத் தோன்றலாம். எனினும் தெற்காசிய, மத்திய ஆசிய நாடுகளின் வீரர்கள் வேலை தேடி வரும் இடமாக இந்தியா விளங்குவது, பெரும் செலவின்றிக் கிட்டும் மதிப்பு. அதைக் காக்க அரங்கம் கட்ட வேண்டியதில்லை. விதியில் ஒரு வரியும், உரிய நாளில் சம்பளமும் போதும்.

ஒரு தில்லி இறுதி ஆட்டத்தில் நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்ற அணியின் தடுப்பாட்டக்காரருக்கு மும்பையில் வேலை கிடைத்தது. ஈராண்டுகளுக்குள் அவருடைய நாடு தெற்காசியச் சாம்பியன் ஆனது. அத்தகைய வேலையைக் கொடுக்கும் நிலையில் இந்தியக் கால்பந்து இன்று இருக்கிறதா என்பதை, இந்தச் சீசன் முடிந்ததும் கிளப்புகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களே தெரிவிக்கும்.